பாக்கெட்டில் அடங்கும் பிஸ்டல்: அமெரிக்கர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்? சின்னதா இருந்தா என்ன சிக்கல்?

வீட்டை விட்டுக் கிளம்பும்போது பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். செல்போன் இருக்கா, பர்ஸ் இருக்கா, வண்டிச் சாவி இருக்கா? அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களுக்கு இந்தப் பட்டியலில் நாலாவதாக ஒன்றும் உண்டு. தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி.

அது பழகிப்போய் மறந்தும் போகிறது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அதில் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் அதிகாரிகளிடம் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பையில இருந்ததே மறந்துட்டேன்."

பாக்கெட்டுக்குள் அடங்கும் சின்ன பிஸ்டலுக்கு அமெரிக்காவில் ஏன் இவ்வளவு கிராக்கி? ஒன்றை விட்டு இன்னொன்றை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? அதில் ஒளிந்திருக்கும் ஆபத்து என்ன? பார்க்கலாம்.

வெளியில் தெரியாமல் எடுத்துச் செல்ல அனுமதி உண்டா?

உண்டு. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். துப்பாக்கியைச் சட்டைக்குள்ளோ பைக்குள்ளோ மறைத்து எடுத்துச் செல்வதை அங்கே 'கன்சீல்டு கேரி' என்கிறார்கள்.

ஒரு காலத்தில் பெரும்பாலான மாநிலங்களில் இதற்கு அனுமதி கிடைப்பதே கஷ்டம். 1987-ல் புளோரிடா ஒரு சட்டம் கொண்டுவந்தது. தகுதி இருப்பவர் கேட்டால் உரிமத்தைக் கொடுத்தே ஆக வேண்டும், அதிகாரி தன் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்றது அந்தச் சட்டம். அதன் பிறகு மாநிலங்கள் வரிசையாக அதே வழிக்கு வந்தன.

நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. நியூயார்க்கில் 'எனக்குத் தனிப்பட்ட ஆபத்து இருக்கிறது' என்று நிரூபித்தால்தான் உரிமம். 2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அந்த விதியை ரத்து செய்தது. தற்காப்புக்காகப் பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தீர்ப்பில் எழுதினார். கலிபோர்னியா, நியூஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஹவாய் போன்ற மாநிலங்களும் தங்கள் விதிகளைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

இன்னொரு பக்கம், உரிமமே வேண்டாம் என்று சொல்லும் மாநிலங்களும் பெருகிவிட்டன. வெர்மான்ட்டில் எப்போதுமே உரிமம் கேட்டதில்லை. 2003-ல் அலாஸ்கா, 2010-ல் அரிசோனா, 2023-ல் புளோரிடா, 2024-ல் தென் கரோலினாவும் லூசியானாவும் என்று சேர்ந்து இந்த எண்ணிக்கை 29-ஐத் தொட்டது. அதாவது 50 மாநிலங்களில் பாதிக்கும் மேல்.

சட்டம் இப்படித் திறந்துவிட, சந்தை அதற்கேற்ற சரக்கைக் கொண்டுவந்து குவித்தது.

குட்டித் துப்பாக்கி புதுசா என்ன?

இல்லை. 1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டனின் ஃபோர்ட்ஸ் தியேட்டரில் அதிபர் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டது ஒரு பாக்கெட் துப்பாக்கிதான். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹென்றி டெரிஞ்சர் தயாரித்த ரகம். ஒரே ஒரு தடவைதான் சுட முடியும். உள்ளங்கையில் மறைத்துவிடலாம். பிறகு 'டெரிஞ்சர்' என்பது குட்டித் துப்பாக்கிகளுக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது.

1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்டுக் கொன்றதும் சிறிய பிஸ்டல்தான். பெல்ஜியத்தில் தயாரான அதில் போட்டது, இன்றும் பாக்கெட் பிஸ்டல்களில் அதிகம் ஓடும் அதே .380 ரகத் தோட்டா.

அமெரிக்காவில் 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெளிநாட்டிலிருந்து சின்னத் துப்பாக்கிகள் இறக்குமதியாவதை இறுக்கியது. ஆனால் உள்நாட்டுத் தயாரிப்பைத் தொடவில்லை. விளைவு, கலிபோர்னியாவில் மலிவு விலைக் குட்டித் துப்பாக்கிகளைத் தயாரிக்கும் தொழிற்சாலைகள் முளைத்தன. தரம் குறைந்த இந்தத் துப்பாக்கிகளுக்கு 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' என்று கெட்ட பெயரே உண்டு.

அடுத்த திருப்பம் 1994. புதிதாகத் தயாரிக்கும் மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய சட்டம் வந்தது. 'எப்படியும் 10-தானே, பிறகு எதுக்குப் பெரிய துப்பாக்கி?' என்று நிறுவனங்கள் அளவைக் குறைக்கத் தொடங்கின. 2004-ல் அந்தச் சட்டம் காலாவதியானது. சின்னதாகச் செய்யும் போட்டி மட்டும் நிற்கவில்லை.

கடையில் என்னென்ன இருக்கு?

இன்று வாங்கப் போகிறவர் முன் வைக்கப்படும் முக்கிய ரகங்கள் இவை. எடை தோட்டா இல்லாமல், தோராயமாக:

• கெல்-டெக் பி-32 (1999): .32 ரகம், 190 கிராம், மேகசினில் 7 தோட்டா
• ருகர் எல்.சி.பி. மேக்ஸ் (2021): .380 ரகம், 300 கிராம், 10 தோட்டா
• ஸ்மித் அண்ட் வெசன் பாடிகார்ட் 2.0 (2024): .380 ரகம், 280 கிராம், 10 அல்லது 12 தோட்டா
• ஸ்மித் அண்ட் வெசன் 642 ரிவால்வர்: .38 ஸ்பெஷல் ரகம், 410 கிராம், 5 தோட்டா
• க்ளாக் 43 (2015): 9 எம்.எம்., 500 கிராம், 6 தோட்டா
• சிக் சாவர் பி365 (2018): 9 எம்.எம்., 500 கிராம், 10 தோட்டா

இதில் சந்தையைப் புரட்டிப் போட்டது பி365. அதற்கு முன் சின்ன 9 எம்.எம். என்றால் ஆறு, ஏழு தோட்டாதான் என்று எல்லோரும் பழகியிருந்தார்கள். கிட்டத்தட்ட அதே உடம்பில் பத்து தோட்டாவை அடைத்துக் காட்டியதும் மற்ற நிறுவனங்களும் பின்னால் ஓடி வந்தன.

ஒரு பெரிய செல்போன் 200 கிராமைத் தாண்டும். கிட்டத்தட்ட அந்த எடைக்கே ஒரு பிஸ்டல் கிடைக்கிறது என்றால் வாங்குகிறவருக்கு ஆசை வராதா? ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

சின்னதா இருந்தா சுடுறது ஏன் கஷ்டம்?

ஒரே பள்ளத்தில் பஸ் ஏறி இறங்குவதற்கும் சைக்கிள் ஏறி இறங்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம்? துப்பாக்கியும் அப்படித்தான். தோட்டா முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும. கனமான துப்பாக்கி அந்த உதையைப் பெருமளவு தானே வாங்கிக்கொள்ளும். 300 கிராம் பிஸ்டல் மொத்தத்தையும் கைக்கே அனுப்பிவிடும்.

இரண்டாவது, பிடி. பாக்கெட் பிஸ்டலின் கைப்பிடியில் பெரும்பாலும் இரண்டு விரல்தான் முழுசாகப் பதியும். சுண்டு விரல் காற்றில் தொங்கும். ஒரு தடவை சுட்டதும் பிடி நழுவும், மறுபடி சரிசெய்துதான் அடுத்ததைச் சுட வேண்டும்.

மூன்றாவது, குறி. குறி பார்க்க முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு முனை இருக்கும். இரண்டுக்கும் இடையில் தூரம் குறையக் குறைய, கையின் சின்ன நடுக்கம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தோட்டா போகும் திசை மாறிவிடும். தற்காப்புக்குச் சுடுகிறவரின் கை நடுங்காமல் இருக்குமா என்ன? தவறிய தோட்டா எங்கே போய் யார் மீது படும் என்பதும் அங்கே நிற்கும் அப்பாவிகளின் பிரச்னை.

நான்காவது, ஸ்லைடு. மேல்பகுதியைப் பின்னால் இழுத்துத்தான் முதல் தோட்டாவை ஏற்ற வேண்டும். சின்னத் துப்பாக்கியில் ஸ்பிரிங் இறுக்கமாகவும், பிடித்து இழுக்க இடம் குறைவாகவும் இருக்கும். வயதானவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் கடையிலேயே இழுக்க முடியாமல் திணறுவது உண்டு.

இதனால்தான் அங்கே பயிற்சியாளர்கள் ஒரு விஷயத்தை வலியுறுத்துகிறார்கள். குட்டித் துப்பாக்கி புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு ஏற்றதல்ல, கை பழகியவருக்கானது. ஆனால் 'லேசா இருக்கு, பைக்குள்ள போட்டுக்கலாம்' என்று முதல் துப்பாக்கியாக இதையே வாங்கிப் போகிறவர்களும் உண்டு.

.380-ஆ, 9 எம்.எம்.-ஆ?

இது அங்கே டீக்கடை பெஞ்ச் விவாதம் மாதிரி. முடியவே முடியாது.

இரண்டு தோட்டாவின் குறுக்களவும் ஏறக்குறைய ஒன்றுதான். .380-ன் உறை 17 மில்லிமீட்டர், 9 எம்.எம்.-ன் உறை 19 மில்லிமீட்டர். வித்தியாசம் உள்ளே இருக்கும் மருந்திலும் அழுத்தத்திலும். 9 எம்.எம். தோட்டாவின் ஆற்றல் .380-ஐ விட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். குழல் குட்டையாக இருந்தால் இரண்டுமே வேகத்தில் கொஞ்சம் இழக்கும்.

அப்போ 9 எம்.எம்.-தான் நல்லதா? கணக்கு அவ்வளவு நேரானதல்ல. 9 எம்.எம். உதை அதிகம், அதைத் தாங்க துப்பாக்கி அரை கிலோ வரை போகும். அதைப் பாக்கெட்டில் போட்டால் பேன்ட் தொங்கும். கடைசியில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். .380 லேசானது, ஆனால் ஆற்றல் குறைவு, பயிற்சிக்கு வாங்கும் தோட்டாவின் விலையும் பொதுவாக அதிகம். தோட்டா விலை ஏறினால் பயிற்சி குறையும். பயிற்சி குறைந்தால் குறி தவறும்.

ரிவால்வர் பக்கம் நிற்பவர்கள் வேறு காரணம் சொல்கிறார்கள். ஸ்லைடை இழுக்க வேண்டாம், பாக்கெட் தூசியும் நூலும் சேர்ந்தாலும் மாட்டிக்கொள்வது குறைவு. ஆனால் தோட்டா ஐந்துதான். டிரிகரும் கனம்.

டிரிகர், உறை: உயிர் போகிற விஷயம் இங்கேதான்

பாக்கெட் பிஸ்டல் எப்போதும் உடம்பை ஒட்டியே இருக்கிறது. அதனால் அது எப்படிச் சுடும் என்பதைவிட, எப்போது சுடாது என்பதுதான் முதல் கேள்வி.

பழைய ரகங்களில் டிரிகரை நீளமாக, பலமாக இழுத்தால்தான் வெடிக்கும். புதிய ரகங்கள் பலவற்றில் இழுப்பு குட்டையாகவும் லேசாகவும் ஆகிவிட்டது. குறி பார்க்க அது வசதி. ஆனால் அதே பாக்கெட்டில் கிடக்கும் சாவியோ பேனாவோ டிரிகருக்குள் நுழைந்தால்? அதனால்தான் டிரிகரை முழுவதும் மூடும் உறை, அதாவது ஹோல்ஸ்டர், இல்லாமல் பாக்கெட்டில் போடவே கூடாது, அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பது அடிப்படை விதி.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் பிளாக்சிகோ பர்ரெஸ். 2008 நவம்பரில் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில் ஹோல்ஸ்டர் இல்லாமல் இடுப்பில் செருகியிருந்த பிஸ்டல் நழுவியது. பிடிக்கப் போனவர் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். அந்த ஊரில் செல்லுபடியாகும் உரிமமும் இல்லை. இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இன்னொரு சம்பவம் இதைவிடக் கொடுமை. 2014 டிசம்பர் 30, ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில் ஒரு வால்மார்ட் கடை. 29 வயதுப் பெண் ஒருவர் தன் 2 வயது மகனைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துப் பொருள் வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கைப்பை, துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை உள்ள பை. குழந்தை ஜிப்பைத் திறந்து துப்பாக்கியை எடுத்தது. தாய் அங்கேயே உயிரிழந்தார். அவரிடம் முறையான உரிமம் இருந்தது.

துப்பாக்கி உடம்பில் இருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பையில் இருந்தால், பை யார் கையில் இருக்கிறதோ அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எந்த ரகம் வாங்குவது என்ற விவாதத்தில் பலரும் விட்டுவிடும் கேள்வி இது.

தரத்தை யார் பார்க்கிறது?

பொம்மை, மிக்ஸி, சைக்கிள் ஹெல்மெட் என்று அமெரிக்காவில் நுகர்பொருள்களின் பாதுகாப்பைப் பார்க்க ஒரு மத்திய ஆணையம் இருக்கிறது. ஆனால் துப்பாக்கியின் வடிவமைப்பு அந்த ஆணையத்தின் அதிகாரத்துக்கு வெளியே சட்டப்படியே வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு மாடலில் கோளாறு என்றால் திரும்பப் பெறச் சொல்லி அது உத்தரவிட முடியாது. நிறுவனமே முன்வந்தால்தான் உண்டு.

அப்படி நடந்த உதாரணமும் இருக்கிறது. 2008-ல் வெளியான முதல் ருகர் எல்.சி.பி. பிஸ்டல்களை, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற காரணத்தால் அதே ஆண்டு அக்டோபரில் அந்த நிறுவனமே திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும், கீழே போட்டுப் பார்க்கும் சோதனையில் தேறிய மாடல்களைத்தான் கடையில் விற்க அனுமதிக்கின்றன.

பாதுகாப்பு நிஜமாவே கிடைக்குதா?

துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களில் 72 சதவீதம் பேர், பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம் என்று 2023-ல் பியூ ஆய்வு மையத்திடம் சொன்னார்கள். இரவு வேலை முடிந்து தனியாகத் திரும்புகிறவர், முன்னாள் கணவரின் மிரட்டலில் வாழும் பெண், போலீஸ் வர அரை மணி நேரம் ஆகும் கிராமத்தில் இருப்பவர் ஆகியோரின் பயம் பொய்யல்ல.

ஆனால் எண்கள் வேறு கதையையும் சொல்கின்றன. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் உயிரிழந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கென்று வாங்கும் பொருள், வீட்டுக்குள் ஒருவர் மனமுடைந்து நிற்கும் நேரத்திலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

துப்பாக்கி அதிகமானால் குற்றம் குறையும் என்று பொருளாதார அறிஞர் ஜான் லாட் 1998-ல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். 2004-ல் அமெரிக்க தேசிய ஆய்வுக் கவுன்சிலின் குழு, அதை உறுதிசெய்யப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பிறகு வந்த ஆய்வுகளை அலசிய ரேண்ட் அமைப்பு, எளிதில் உரிமம் தரும் சட்டங்கள் கொலைகளை அதிகரிப்பதாகவே ஆதாரம் காட்டுகிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறது.

அங்கே இருக்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது

எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை, மாநில விதிகள் பொருந்தும்.

கிரீன் கார்டு இருந்தாலும் மாநில எல்லை தாண்டும்போது கவனம் தேவை. பென்சில்வேனியா உரிமத்தை நம்பி நியூஜெர்சிக்குள் துப்பாக்கியோடு போன ஒரு பெண், 2013-ல் போக்குவரத்துச் சோதனையில் தானாகவே போலீசிடம் சொன்னார். கைதாகி வழக்கில் சிக்கினார். 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகே விடிவு.

சுடும் பயிற்சிக்குப் போன பையில் மிச்சமிருந்த ஒரு தோட்டாவோடு இந்தியாவுக்கு விமானம் ஏறினாலும் ஆயுதச் சட்டம் பாயும். தெரியாமல் இருந்தது என்று நிரூபித்தால் நீதிமன்றங்கள் வழக்கை ரத்து செய்ததுண்டு. ஆனால் அதுவரை அலைச்சல் நிச்சயம்.

அடுத்து என்ன?

தீர்ப்புக்குப் பிறகு நியூயார்க் புதிய சட்டம் கொண்டுவந்தது. உரிமம் வேண்டுமா? 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி கட்டாயம். சுரங்க ரயிலிலும் டைம்ஸ் சதுக்கத்திலும் துப்பாக்கிக்குத் தடை.

உரிமம் வேண்டாம் என்று சொன்ன 29 மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் நிலைமை நேர் எதிர். மத்திய சட்டத் தடை இல்லாத ஒருவர் காலையில் கடைக்குப் போய், பின்னணிச் சோதனை முடிந்ததும் 300 கிராம் பிஸ்டலை வாங்கி, மதியமே அதைப் பாக்கெட்டில் போட்டு நடக்கலாம். ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்த்திருக்க வேண்டியதில்லை. கையாள மிக அதிகப் பயிற்சி தேவைப்படும் துப்பாக்கி எதுவோ, அதுதான் பயிற்சியே கேட்காத சட்டத்துக்கு மிக வசதியாக அமைந்துவிட்டது.

ஒரு மாநிலத்தில் எடுத்துச் செல்லத் தகுதி உள்ளவர் எல்லா மாநிலங்களிலும் எடுத்துச் செல்லலாம் என்னும் மசோதா, 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி செனட்டில் நின்றுபோனது. 2025 ஜனவரியில் மறுபடியும் தாக்கலானது. அது சட்டமானால், பயிற்சியே கேட்காத மாநிலத்துக்காரர், 18 மணி நேரப் பயிற்சி கேட்கும் நியூயார்க்கின் தெருவிலும் அதே பாக்கெட் பிஸ்டலோடு நடக்க முடியும். எந்த மாடல் நல்லது என்ற கேள்விக்குக் கடைக்காரர் பதில் சொல்லிவிடுவார். அதை வைத்திருப்பவருக்குச் சுடத் தெரியுமா என்று யார் கேட்பது? அந்தக் கேள்விதான் இப்போது அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் இருக்கிறது.